ஹிட்மேன் 2 சைலண்ட் அசாசின்: அந்தக் கோரஸ் இசை புதிய பாகங்களில் ஏன் இல்லை?

சிறுவாணி, கோவை

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஹிட்மேன் என்கிற வீடியோ கேம் வரிசையில் இசைக்காக மட்டும் ஒன்றை எடுத்து வை என்றால் 2002இல் வந்த சைலண்ட் அசாசினைத்தான் எடுப்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இசையமைப்பாளர் ஜெஸ்பர் கிட் அதைப் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையும் ஹங்கேரி வானொலியின் பாடகர் குழுவையும் வைத்துப் பதிவு செய்தார். ஒளிந்து போய் ஆளை முடிக்கிற விளையாட்டுக்குக் கோரஸ் எதற்கு என்று முதலில் தோன்றும். கதையைப் பார்த்தால் புரிந்துவிடும். நாயகனான கூலிக்கொலையாளி 47 (அதுதான் அவன் பெயர்) கொலைத் தொழிலை விட்டுவிட்டு சிசிலியில் ஒரு மடத்தில் தோட்டவேலை செய்துகொண்டிருக்கிறான், பாதிரியார் விட்டோரியோவிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான், அந்தப் பாதிரியாரைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள், அவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே பழைய ஏஜென்சிக்கு மறுபடி வேலை செய்ய ஒப்புக்கொள்கிறான். இதைத் தெரிந்துகொண்டு அந்த முகப்பு இசையைக் கேளுங்கள். அவன் கிளம்பி வந்த மடமே பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நான் இப்போது ஒருவனைக் கொல்லப் போகிறேன் என்கிற கனம் அந்த இசையால்தான் எனக்கு வந்தது, கதையால் வந்ததைவிட அதிகமாக.

2016, 2018, 2021 என்று வந்த புதிய மூன்று பாகங்களுக்கு நீல்ஸ் பை நீல்சன் இசை. மோசம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன், சுத்தமான வேலை. ஆனால் அந்த இசை எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறது. காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, தேட ஆரம்பித்துவிட்டார்கள், டார்கெட், அதாவது கொல்ல வேண்டிய ஆள், முடிந்தான், கிளம்பு. அவ்வளவுதான். விளையாடி முடித்து எழுந்த பிறகு முணுமுணுக்க ஒரு வரி மிஞ்சுவதில்லை. பழைய பாசத்தில் பேசுகிறேன் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டையும் ஒரே ஹெட்செட்டில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது?

ஊத்துக்குளிவெண்ணெய், திருப்பூர்

அண்ணா, நான் இதே வரிசையில் வந்த பிளட் மணி பக்கம். 2006இல் வந்ததை அப்போது விளையாடவில்லை, போனுக்கு ரிப்ரைசல் என்று 2023 கடைசியில் விட்டார்களே, அதில்தான் ஆரம்பித்தேன், கம்பெனி பஸ்ஸில் போக வர அதுதான். சின்ன ஸ்க்ரீனில்கூட அந்த இசை ஆளை உட்கார வைத்துவிடுகிறது. ஆர்கெஸ்ட்ராவும் இருக்கிறது, எலக்ட்ரானிக்கும் இருக்கிறது, இரண்டும் சண்டை போடாமல் போகிறது. சைலண்ட் அசாசின் இசை நன்றாக இருக்கலாம், ஆனால் விளையாட்டு? காவலாளி வேடத்தில் கொஞ்சம் வேகமாக ஓடினாலே சந்தேக மீட்டர் ஏறிச் சுடுகிறான், அந்தக் கோபத்தில் கோரஸ் எங்கே காதில் விழும்.

ஆழியாறு, பொள்ளாச்சி

சிறுவாணி அண்ணா, உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய மூன்றில் இசை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. பின்னணியில் இருந்ததைத் தூக்கி ஊருக்குள் வைத்துவிட்டார்கள். 2016 பாகத்தின் பாங்காக் லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். டார்கெட் ஜோர்டன் கிராஸ் ஒரு இண்டி ராக் பாடகன், ஹோட்டலிலேயே அவன் குழு பாட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. புதிதாக வரவேண்டிய டிரம்மரின் வேடத்தில் நீங்கள் போனால் 47 உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறான், அந்த முகத்தில் ஒரு சலனம் இல்லாமல், ஆனால் கை அபாரமாக ஓடுகிறது, அதைக் கேட்டு ஜோர்டன் மயங்கி அவனைத் தனியாக அழைத்துப் பேசுகிறான். ஒரு கொலையாளி தன் டார்கெட்டை நெருங்க இசையையே வழியாக எடுத்துக்கொள்கிறான். கோரஸ் பின்னால் ஒலிப்பதைவிட இது பெரிய விஷயம் இல்லையா?

பாரிஸில் ஃபேஷன் ஷோ, மாடல் வேடத்தில் 47 அந்த மேடையிலேயே நடக்கிறான், மொத்தக் கூட்டமும் அவனைப் பார்க்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஒலிக்கிற இசை அந்த அரங்கின் ஸ்பீக்கரில் ஒலிக்கிற இசை. அடுத்த அறைக்குப் போனால் சுவர் தாண்டி மழுங்கிக் கேட்கும், மாடிக்கு ஏறினால் தரை வழியாகப் பேஸ் மட்டும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே 2021இல் வந்த பெர்லின். பழைய மின் நிலையத்துக்குள் ஒரு டெக்னோ கிளப், வெளியே காட்டுப்பக்கமிருந்து நடந்து வருகிறோம், உள்ளே போகப் போக சத்தம் நெஞ்சில் இறங்குகிறது. வழக்கமாக டார்கெட் யார் என்று ஏஜென்சியிலிருந்து 47ஐ வழிநடத்துகிற டயானா சொல்லிவிடுவாள், இங்கே சொல்ல ஆளில்லை. ஏஜென்சி ஆட்களே 47ஐ வேட்டையாட வந்து கூட்டத்துக்குள் கலந்து நிற்கிறார்கள். அந்த இசைக்கு நடுவே ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருக்க, ஆடாமல் நிற்பவன் யார் என்று நாம் பார்க்க வேண்டும். அந்த லெவலில் இசையை நிறுத்திவிட்டால் லெவலே இல்லை. சைலண்ட் அசாசினில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

தறிச்சத்தம், சோமனூர்

எனக்கு இந்தச் சண்டையே அந்நியமாக இருக்கிறது, ஏனென்றால் ஸ்டெல்த், அதாவது ஒளிந்து ஆடுகிற விளையாட்டு எதுவாக இருந்தாலும் முதல் வேலையாக இசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். பக்கத்து ஷெட்டில் தறி ஓடும், பகலில் ஹெட்செட் போட்டாலும் பாதிதான் கேட்கும், அதனால் ராத்திரி தறி நின்ற பிறகு விளையாடுவது வழக்கம். அந்த நேரத்தில் எனக்குக் காலடிச் சத்தம் வேண்டும், கதவு திறக்கிற சத்தம் வேண்டும், காவலாளி இரண்டு பேர் பேசிக்கொள்வது வேண்டும்.

1998இல் வந்த தீஃப் விளையாடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். உலோகத் தரையில் நடந்தால் மணி அடித்த மாதிரி ஊரே திரும்பும், கம்பளத்தில் நடந்தால் யாருக்கும் தெரியாது, பாசி அம்பை எய்து சத்தம் வராமல் தரையை மூடலாம். விளையாட்டே காதால்தான் ஓடுகிறது. 2005இல் வந்த ஸ்ப்ளின்டர் செல் கேயாஸ் தியரி இன்னும் ஒரு படி மேலே போனது. திரையில் ஒரு சத்த மீட்டர், அதில் நீங்கள் எழுப்பும் சத்தம் ஒருபக்கம், சுற்றுப்புறச் சத்தத்தின் அளவு ஒரு குறி. ஜெனரேட்டர் ஓடுகிற அறையில் நீங்கள் கொஞ்சம் வேகமாக நடக்கலாம், அமைதியான கூடத்தில் அதே வேகத்தில் நடந்தால் மாட்டிக்கொள்வீர்கள். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்த மீட்டரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த விளையாட்டுக்கு அமன் டோபின் செய்த இசை தனியாகக் கேட்க அருமை, இல்லை என்று சொல்லவில்லை, பாட்டாகப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் விளையாடும்போது அது என் காதுக்கும் காவலாளியின் காலடிக்கும் நடுவே வந்து நிற்கிறது. காவலாளிக்கு அந்த இசை கேட்பதில்லை, எனக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சிறுவாணி, கோவை

தம்பி தறிச்சத்தம், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எனக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்றால், கொல்லப் போகிறவன் நான் என்பதால்தான். காவலாளிக்கு அந்தப் பாரம் இல்லை. இசையைப் பூஜ்யமாக்கிவிட்டால் அது ஒரு கணக்கு ஆகிவிடுகிறது, இவன் இத்தனை நொடிக்கு ஒரு தடவை திரும்புகிறான், நான் இப்போது நுழைய வேண்டும் என்று. கணக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்கு மட்டும் நான் இந்த விளையாட்டுக்கு வரவில்லை.

ஆழியாறு, பாங்காக் டிரம்ஸ் காட்சி எனக்கும் பிடித்தது, பெர்லின் பற்றியும் மறுப்பில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் அந்த ஊரின் இசை, ஜோர்டனின் இசை, கிளப்பின் இசை. 47இன் இசை எது? அவனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பதைச் சொல்கிற இசை எங்கே? அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் என் குறை.

கூடுதுறை, பவானி

நான் சின்ன அளவில் சவுண்ட் வேலை பார்க்கிறவன், இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு வேலை சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

விளையாட்டு இசையை ஆட்டத்துக்கு ஏற்ப மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, நிலைமை மாறும்போது அடுத்த தாள அளவு முடிகிற இடத்தில் வேறு துண்டுக்குத் தாவுவது. இன்னொன்று, ஒரே வேகம் ஒரே சுருதியில் பல அடுக்குகளை ஒன்றாக ஓட விட்டு, தேவைப்படும்போது தாள அடுக்கைத் திறப்பது, வயலின் அடுக்கை மூடுவது. இரண்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை என்னவென்றால் இசை எந்த இடத்திலும் வெட்டுப்படத் தயாராக இருக்க வேண்டும். நீளமான மெலடி அதற்கு ஒத்து வராது. கோரஸ் ஒரு வரியை ஆரம்பித்தால் அதை முடித்தாக வேண்டும், பாதியில் வெட்டினால் காது ஏற்காது.

இப்போது புதிய பாகங்களின் லெவலைப் பாருங்கள். 2016 பாகத்தின் சபியன்சா லெவலை ஒருவர் பத்தே நிமிடத்தில் முடிப்பார், இன்னொருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே திரிவார். அத்தனை நேரமும் ஓடினாலும் சலிக்கக் கூடாது, எந்த நொடியிலும் சந்தேகம், தேடுதல், துரத்தல் என்று மாறத் தெரிய வேண்டும். அப்படி என்றால் இசையமைப்பாளர் அடக்கித்தான் வாசிப்பார். மெலடி போனது திறமைக் குறைவால் இல்லை, அந்த லெவல்களின் அளவால் போனது.

ஆனால் இது முடியவே முடியாத காரியமா என்றால் இல்லை என்பேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இதை ஆள் செய்து பார்த்திருக்கிறேன். அண்ணன்மார் சாமி கதை உடுக்கடிப் பாட்டாகப் பாடுவதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். படுகளம் வருகிற இரவில் பாடுகிறவர் எந்த வரியையும் இத்தனை நேரம் என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. எதிரே அருள் வரப்போகிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வரவில்லை என்றால் அதே வரியை இழுப்பார், திருப்பிப் பாடுவார், உடுக்கையைக் கொஞ்சம் நெருக்குவார். ஆள் விழுகிற அந்த நொடியில்தான் தாளம் உடையும். ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் ராகம் கலையாது, பாட்டின் கனமும் குறையாது. எந்த மென்பொருளும் இல்லாமல் செய்கிறார்கள். அந்த இழுவைத்தான் விளையாட்டு இசையில் நான் தேடுகிறேன், கோரஸை வெட்டாமல் இழுத்து நிறுத்தி வைக்க ஒரு வழி. 47 ஒரு அலமாரிக்குள் ஐந்து நிமிடம் ஒளிந்து நிற்கிறான் என்றால் அந்த ஒரு சுரம் ஐந்து நிமிடம் நிற்கட்டுமே.

ஆழியாறு, பொள்ளாச்சி

கூடுதுறை அண்ணா, இதைத் தனியாகவே ஒரு பதிவாகப் போடுங்கள், இங்கே நடுவில் புதைந்துவிடும்.

மஞ்சள்மண்டி, ஈரோடு

எல்லோரும் 2004இல் வந்த கான்ட்ராக்ட்ஸைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அதற்காகவே உள்ளே வருகிறேன். 2005இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு கொடுத்த சிறந்த இசை விருது வாங்கியது சைலண்ட் அசாசின் இல்லை, பிளட் மணியும் இல்லை, கான்ட்ராக்ட்ஸ்தான். அதில் ஆர்கெஸ்ட்ராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு எலக்ட்ரானிக் பக்கம் போய்விட்டார் கிட்.

அவருக்கு அது புதிது இல்லை. அவர் வந்த வழியே அதுதான். டென்மார்க்கில் அமிகா கம்ப்யூட்டரில் டெமோ (படமும் இசையும் சேர்ந்து ஓடுகிற சின்ன நிரல்) செய்கிற பையன்களோடு சேர்ந்து ஆரம்பித்தவர், 1991இல் ஹார்டுவயர்டு என்ற டெமோவுக்கு இசை செய்தவர், பிறகு மெகா டிரைவ் என்கிற கேம் கன்சோலில் 1995இல் வந்த பேட்மேன் அண்ட் ராபின் விளையாட்டுக்கு அந்த சின்ன சிப்பை வைத்துக்கொண்டு டெக்னோ வாசித்தவர். அதே கூட்டத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து கோபன்ஹேகனில் ஆரம்பித்ததுதான் ஐஓ இன்டராக்டிவ், அங்கேதான் 2000இல் முதல் ஹிட்மேன் பிறந்தது. ஆக கோரஸ் இவருக்கு இடையில் வந்த துணி, எலக்ட்ரானிக்தான் பிறந்த ஊர்.

கான்ட்ராக்ட்ஸ் கதை ஆரம்பிக்கும்போதே 47 குண்டடி பட்டு பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் கிடக்கிறான், மொத்த விளையாட்டும் அவன் நினைவில் ஓடுகிற பழைய கொலைகள், ஏறக்குறைய பாதி முதல் பாகத்தின் மிஷன்களே. எல்லாமே மழை, இருட்டு, காய்ச்சல் கண்ட மாதிரி நிறம். ருமேனியாவில் ஒரு மாட்டுக் கசாப்புக் கூடத்துக்குள் பார்ட்டி நடக்கிறது, அந்த மிஷனை விளையாடியவர்கள் மறக்க மாட்டார்கள், கீழே ஆட்டமும் பாட்டும், மாடியில் நாம் தேடி வந்த பெண் பிணமாக. சிறுவாணி, 47இன் உள்ளே ஓடுகிற இசை எங்கே என்று கேட்டீர்களே, அது கான்ட்ராக்ட்ஸில் இருக்கிறது, அதைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. கோரஸ் வைத்தால்தான் மனசாட்சியா? செத்துக்கொண்டிருப்பவன் காதில் கோரஸ் கேட்காது, இப்படி ஓர் இரைச்சல்தான் கேட்கும்.

ஊத்துக்குளிவெண்ணெய், திருப்பூர்

சரி, இப்போது பிளட் மணிக்கு என் வாதம். இரண்டே மிஷன் போதும்.

ஒன்று, பாரிஸ் ஓபரா. மேடையில் டோஸ்கா ஒத்திகை, கடைசி அங்கத்தில் நாயகனைச் சுட்டுக் கொல்கிற காட்சி, அதில் நாயகனாக நடிக்கிற பாடகன்தான் டார்கெட். மேடைத் துப்பாக்கியை எடுத்துவிட்டு நிஜத் துப்பாக்கியை வைத்துவிடலாம், சக நடிகனே தெரியாமல் சுட்டுவிடுவான். இல்லையென்றால் மேலே ஒரு பெட்டியில் உட்கார்ந்து பாட்டு அந்த இடத்துக்கு வருகிறவரை காத்திருந்து, மேடையில் வெடி வெடிக்கிற அதே நேரத்தில் நீங்கள் சுடலாம், யாருக்கும் கேட்காது. ஆழியாறு, இசையை நிறுத்தினால் லெவலே இல்லை என்று பெர்லினுக்குச் சொன்னீர்களே, 2006இலேயே இது இருக்கிறது. பாட்டு எங்கே போகிறது என்று கவனிக்காதவன் அந்த வெடியைத் தவறவிடுவான்.

இரண்டு, கடைசி மிஷன். 47 சவப்பெட்டியில் கிடக்கிறான், ஷூபர்ட்டின் ஆவே மரியா ஒலிக்கிறது, எழுத்துகள் ஓடுகின்றன, விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் அணைத்தே விட்டார்கள். இதயத் துடிப்பு கேட்கிறதே என்று நகர்த்தும் பட்டனை ஆட்டிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அவன் கண் திறந்தான். பாட்டு நம்மை ஏமாற்றுகிறது, அவன் செத்துவிட்டான் என்று நம்ப வைக்கிறது. கோரஸ், மனசாட்சி எல்லாம் அங்கே சவ ஊர்வலமாகவே வந்துவிட்டது அண்ணா, இதைவிட என்ன வேண்டும்?

கொல்லிமலைத்தேன், நாமக்கல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

சைலண்ட் அசாசினைத் தலையில் தூக்கி வைக்கிறீர்கள், அதில் இந்தியா வருகிற மிஷன்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பஞ்சாப் என்று சொல்லி ஒரு கோயிலைக் காட்டினார்கள், அது பொற்கோயிலை அப்படியே நினைவூட்டியது, தலைப்பாகை கட்டியவர்கள் எல்லாம் சுடப்பட வேண்டிய எதிரிகள். சீக்கியர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் வெளியீட்டு நிறுவனமான ஈடாஸ் வருத்தம் சொல்லி அந்தப் பகுதியை மாற்றியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மிஷன்களில் பனியும் மெட்ரோ சுரங்கமும் ஒரு நிஜ ஊராகவே இருக்கும். ஜப்பான் மிஷன்களுக்கு ஜாப்பனீஸ் ஸ்னோ காசில் என்று ஒரு இசை, கண்ணை மூடிக் கேட்டால் அந்த மலைக்கோட்டை தெரியும். நம் ஊர் என்று வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியம்? மனசாட்சியைக் கூப்பிடுகிற இசை என்று சிறுவாணி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த மிஷன்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கோரஸ் யாருக்கு அழுகிறது, யாருக்கு அழவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2018 பாகத்தில் மும்பை வந்தது. அதற்கு எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள், சந்து, ரயில் யார்டு, துணி துவைக்கிற இடம், படப்பிடிப்புத் தளம், மூன்று டார்கெட்டில் ஒருவன் முகமே தெரியாது, நாமே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதெல்லாம் எனக்குப் பிடித்தது. ஆனால் தெருவில் நிற்கிற டீக்கடைக்காரர் முதல் ரவுடி வரை ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். ஒலிதான் ஊர் என்று ஆழியாறு சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால்தான் வலிக்கிறது. ஒரு தெருவில் மராத்தியும் இந்தியும் காதில் விழாமல் அது எப்படி மும்பை ஆகும்? நாளைக்கு நம் கோவையை ஒரு லெவலாகச் செய்து, உக்கடத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினால் நீங்கள் எத்தனை நிமிடம் உள்ளே இருப்பீர்கள்?

ஆழியாறு, பொள்ளாச்சி

அக்கா சொல்வது சரிதான், மும்பைக்கு மட்டும் இல்லை, சபியன்சா இத்தாலி ஊர், அங்கேயும் பாதிப் பேர் அமெரிக்கர் மாதிரிப் பேசுகிறார்கள் என்று அப்போதே பலர் திட்டினார்கள். பத்துப் பதினைந்து நாடுகளில் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும், அவர்கள் பேசுவதிலிருந்துதான் நமக்குத் துப்பு கிடைக்கிறது, அதனால் ஆங்கிலத்திலேயே வைத்தார்கள் என்று புரிகிறது. ஆனால் துப்பு கிடைக்கிற பேச்சை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, சும்மா தெருவில் கடந்து போகிறவர்களை அந்த ஊர் மொழியில் பேச விட்டிருக்கலாம், அதற்குப் பெரிய செலவு ஆகியிருக்காது.

பெர்லின் ஒரு கிளப்பாக இருந்ததால் தப்பித்தது என்று இப்போது தோன்றுகிறது, அங்கே பேச்சே காதில் விழாது.

தறிச்சத்தம், சோமனூர்

கொல்லிமலைத்தேன் அக்கா, இதற்காகத்தான் இசையை அணை என்கிறேன். இசையை அணைத்தால்தான் ஊர் எவ்வளவு ஊமையாக இருக்கிறது என்பது தெரியும். இசை அந்த ஓட்டையை மூடி வைக்கிறது.

சிறுவாணி, கோவை

அக்கா எழுதியது எனக்கு முக்கியமானது, அந்த மிஷன்களை நான் பாராட்டவே மாட்டேன், அங்கே எந்த இசை வைத்தாலும் சரியாகாது.

மற்றபடி என் பக்கம் நான் நிற்கிறேன். மஞ்சள்மண்டி சொன்ன கான்ட்ராக்ட்ஸ் வாதம் பலமானது, அது 47இன் தலைக்குள் ஓடுகிற இசை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரே நிறம். கடைசிவரை காய்ச்சல். சைலண்ட் அசாசினில் அவன் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது, மடமும் தோட்டமும் பாதிரியாரும், இழக்க ஒன்று இருப்பவனின் இசை அது. 2012இல் வந்த அப்சொல்யூஷனில் கிட் இல்லை, வேறு மூன்று பேர் செய்தார்கள், சினிமாவுக்கு வாசித்த மாதிரி இருந்தது, அதோடு அந்தக் குரல் இந்த வரிசையைவிட்டுப் போய்விட்டது. அதே கிட் 2009இல் அசாசின்ஸ் கிரீட் 2 என்கிற வேறு விளையாட்டுக்கு, அதன் நாயகன் எத்சியோவின் குடும்பத்துக்கான இசையைச் செய்தார், இன்றுவரை அந்த வரிசையில் அதைத்தான் திருப்பித் திருப்பி எடுத்து வாசிக்கிறார்கள். ஒரு மெலடி ஒரு கொலையாளிக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஐஓ அந்த ஆளை விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூடுதுறை சொன்ன அளவுப் பிரச்சினையை ஏற்கிறேன். ஆனால் 2023இல் ஃப்ரீலான்சர் என்று ஒன்று சேர்த்தார்களே, சேவ் கிடையாது, செத்தால் சம்பாதித்த கருவிகள் போச்சு, ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அந்த வீடு இருக்கிறதே, அங்கே யாரும் துரத்துவதில்லை, எதையும் வெட்ட வேண்டியதில்லை, எவ்வளவு நீளமான மெலடியையும் ஓட விடலாம். 47 தனியாக நிற்கிற ஒரே இடம் அது. அங்கேயாவது ஒரு முழு இசையை வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

கூடுதுறை, பவானி

அந்த வீட்டைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. வேலைக்காரனாகச் சொல்கிறேன், அங்கே தடையே இல்லை.

காங்கேயம்காளை, காங்கேயம்

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் இந்த வரிசையில் எதுவுமே விளையாடியதில்லை, என்னிடம் இருப்பது பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. உங்கள் பேச்சைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. எதில் ஆரம்பிக்கட்டும்?

மஞ்சள்மண்டி, ஈரோடு

தம்பி, பழைய லேப்டாப்புக்கு பிளட் மணி வரை தாராளமாக ஓடும். 2000இல் வந்த முதல் பாகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், மிஷன் நடுவில் சேவ் கிடையாது, ஒரு தடவை மாட்டினால் ஆரம்பத்திலிருந்து, எங்கள் பக்கம் மின்வெட்டு நேரம் காலம் இல்லாமல் வந்த வருடங்களில் அதை விளையாடியவன் என்பதால் சொல்கிறேன். கான்ட்ராக்ட்ஸ் இசை உரிமைச் சிக்கலால் ரொம்ப நாள் டிஜிட்டலில் விற்பனைக்கு வராமல் இருந்தது, 2014இலிருந்து கிடைக்கிறது, தள்ளுபடி வரும்போது மலிவாக வாங்கலாம்.

ஊத்துக்குளிவெண்ணெய், திருப்பூர்

பிளட் மணியில் ஆரம்பியுங்க. முதல் மிஷன் நமக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே வைத்தது, சுலபம்.

சிறுவாணி, கோவை

பிளட் மணியில் ஆரம்பிப்பது நல்லதுதான், அதில் கை பழகிய பிறகு சைலண்ட் அசாசினுக்கு வாருங்கள். வேடம் போட்ட பிறகு ஓடாதீர்கள், ஊத்துக்குளி தம்பி சொன்ன சந்தேக மீட்டர் அதனால்தான் ஏறுகிறது, நடந்தே போனால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சேவ் எண்ணிக்கைக்கும் அளவு உண்டு, அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். இசையை முழுசாக வைத்து ஒரு தடவை, தறிச்சத்தம் சொன்ன மாதிரி அணைத்து ஒரு தடவை, சிசிலி மிஷனை இரண்டு விதமாகவும் விளையாடிப் பார்த்துவிட்டு எது பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள்.

தறிச்சத்தம், சோமனூர்

முதலில் அணைத்து விளையாடுங்கள் தம்பி. ஹெட்செட் நல்லதாக இருக்கட்டும்.